இளநீரை நிறுத்துங்கள், உப்பைச் சேருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மலக்குடல் புற்றுநோய். கதிர்வீச்சும் கேப்சிடபின் மாத்திரையும் முடித்து, ஆபரேஷன் ஆகி இன்றோடு 24 நாள். குடலை உள்ளே இணைத்துவிட்டதாகவும், அது ஆறும்வரை சிறுகுடலை வலது பக்கம் வெளியே எடுத்துப் பை வைத்திருப்பதாகவும் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததிலிருந்து பையில் தண்ணீராகவே வருகிறது. ஒரு நாளைக்கு 9, 10 முறை காலி செய்கிறோம். தண்ணீர் வற்றிவிடக் கூடாது என்று தினமும் நான்கு லிட்டருக்குக் குறையாமல் இளநீர், பார்லி, வெந்நீர் கொடுக்கிறோம். அப்படியும் 4 கிலோ இளைத்துவிட்டார். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது. கிரியேட்டினின் டிஸ்சார்ஜின்போது 0.9, நேற்று இங்கே பார்த்ததில் 1.7. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார், பி.பி. இருப்பதால் அம்மா உப்பைப் பாதியாக்கித்தான் சமைக்கிறார். பை தினமும் ஒழுகுகிறது. தோல் வெந்துபோய்ச் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறோம். ஆசனவாய் வழியாக அவ்வப்போது சளி போல வருகிறது. உள்ளே இணைத்தது விட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. இந்தப் பையை எப்போது எடுப்பார்கள்? எடுத்தபின் பழையபடி ஆகிவிடுவாரா? அடுத்த மாதம் பேரனுக்குக் காது குத்து. குலதெய்வக் கோயிலுக்கு ஆறு மணி நேரக் கார் பயணம்; அழைத்துப் போகலாமா? ரிவியூவுக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது.
— ஒரு மகள், திருவாரூர் மாவட்டம்

பதில்: ரிவியூவுக்குக் காத்திருக்க வேண்டாம். இதைப் படித்த கையோடு, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு போன் செய்து சிறுநீரகம் சுணங்குவதைக் காட்டும் கிரியேட்டினின் 1.7 ஆகிவிட்டது என்பதைச் சொல்லுங்கள். இன்றைக்குள் அங்கே போக முடியாது என்றால் பக்கத்தில் டிரிப்ஸ் ஏற்றும் வசதியும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பை ஒழுகுவதையும் தோல் வெந்ததையும் நாளைக்குக்கூடச் சரிசெய்யலாம். சிறுநீரகம் அப்படிக் காத்திருக்காது.

நடப்பது இதுதான். சாதாரணமாக நாம் குடிப்பதும் குடலே சுரப்பதுமான தண்ணீரில் மிச்சமிருப்பதைப் பெருங்குடல் உறிஞ்சி, அதோடு உப்பையும் மீட்டுத் தருகிறது. உங்கள் அப்பாவுக்கு இப்போது எதுவும் பெருங்குடலுக்குப் போவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்தே வெளியே வந்துவிடுகிறது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் இது ஒரு லிட்டரைத் தாண்டுவது வழக்கம். போகப் போகச் சிறுகுடல் பழகிக்கொண்டு, ஒரு நாளைக்கு 500 முதல் 800 மி.லி. அளவில், கூழ் பதத்துக்கு வந்துவிட வேண்டும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அது அதிகப்போக்கு. நீங்கள் 10 முறை காலி செய்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 200 மி.லி. என்றே வைத்தாலும் 2 லிட்டர் ஆகிறது.

அந்த 2 லிட்டரில் தண்ணீர் மட்டும் போகவில்லை. சிறுகுடல் ஸ்டோமாவிலிருந்து (குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்த வாயிலிருந்து) வரும் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 6 கிராம் சமையல் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. ஆக, நாளொன்றுக்கு 12 கிராம் உப்பு பையில் போகிறது. வீட்டிலோ பாதி உப்புச் சமையல். அதற்கு மேல் நான்கு லிட்டர் உப்பில்லாத நீர். சிறுகுடலின் மேல்பகுதிக்கு ஒரு குணம் உண்டு: உப்புக் குறைந்த நீர் உள்ளே வந்தால், அதைச் சமன்செய்ய ரத்தத்திலிருந்து சோடியத்தைக் குடலுக்குள் விடும். சோடியம் போகும் பக்கம் தண்ணீரும் போகும். அதனால் வெறும் நீரை எவ்வளவுக்கு எவ்வளவு குடிக்கிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு பை நிரம்பும், உடம்பு வற்றும். தாகம் எடுக்கிறது என்று மேலும் குடிப்பார்; பை மேலும் நிரம்பும். அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து நடப்பது இந்தச் சுழல்தான். யார் மீதும் தவறில்லை; "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பும் டிஸ்சார்ஜ் சீட்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

இளநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதைக் குறை சொன்னால் யாரும் நம்புவதில்லை. இளநீரில் சோடியம் சொற்பம், பொட்டாசியம் ஏராளம். பையில் போகும் சோடியத்தை அது ஈடுகட்டாது. சிறுநீரகம் சுணங்கியிருக்கும்போது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே தடுமாறவைக்கலாம். கிரியேட்டினின் இறங்கும்வரை ஒரு இளநீர்கூட வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன எதிர்பார்க்கலாம்? நார்மல் சலைன் டிரிப்ஸ், அதோடு சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின், மெக்னீசியம் பரிசோதனை. மெக்னீசியத்தைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் அது இருக்காது, கெண்டைக்கால் பிடிப்புக்கு அது குறைந்திருப்பதும் ஒரு காரணம். சிறுநீரில் சோடியம் பார்ப்பது இன்னும் நல்லது: லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், ரத்தத்தில் சோடியம் சரியாகத் தெரிந்தாலும் உடம்பு உப்புக்குத் தவிக்கிறது என்று பொருள்.

எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். பி.பி. மாத்திரையின் பெயர் 'டான்' என்று முடிந்து, பக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்றும் இருந்தால், அது உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தை இரண்டு பக்கமும் அடிக்கும் மருந்து. சர்க்கரைக்கான மெட்பார்மின் வயிற்றுப்போக்கைக் கூட்டும். கிரியேட்டினின் ஏறும்போது ஆபத்தும் கூட. பெயர் 'கிளிப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரை சிறுநீர் வழியே நீரை வெளியேற்றும். வற்றிப்போன நிலையில் இவற்றை நிறுத்திவைப்பதுதான் மருத்துவ வழக்கம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் போனிலாவது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாற்று ஏற்பாட்டை அவர் சொல்வார். வலிக்கு டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் கூடவே கூடாது, பாராசிட்டமால் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: காலையில் வெறும்வயிற்றில் போடும் "கேஸ் மாத்திரை". பான்டோபிரசோல் மட்டும் இருந்தால் நல்லது, இரைப்பைச் சுரப்பைக் குறைத்துப் போக்கையும் குறைக்கும். அதோடு டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூல் என்றால், அது வயிற்றிலிருந்து உணவை வேகமாகத் தள்ளிவிடும் மருந்து. அதிகப்போக்கு உள்ளவருக்கு அது எதற்கு என்று கேளுங்கள்.

போக்கைக் கட்டுப்படுத்த லோபெரமைட் உண்டு. ஆனால் அதற்கு முன் டாக்டர் வேறு சில காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்: வயிற்றுக்குள் சீழ் சேர்ந்திருப்பது, ஆன்டிபயாடிக் கொடுத்ததால் வரும் குடல் தொற்று, பாதி அடைப்பு. காய்ச்சல், வயிறு உப்பல், புதிய வலி இருந்தால் சொல்லிவிடுங்கள். இவை இல்லையென்றால் 2 மி.கி. கேப்ஸ்யூல் ஒன்றை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், நாளைக்கு நான்கு வேளை என்று ஆரம்பிப்பார்கள். தேவைப்பட்டால் படிப்படியாக ஏற்றுவார்கள். நாமாக 16 மி.கி.யைத் தாண்டக் கூடாது, இதயத் துடிப்பு கெடும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பாதிப் பயன்தான். கேப்ஸ்யூல் முழுசாகப் பையில் வந்து விழுந்தால், பிரித்து ஒரு ஸ்பூன் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பியபின் குடிப்பதைப் பற்றி. தண்ணீர், காபி, டீ, பார்லி, ஜூஸ் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டருக்குள். மீதித் தாகத்துக்கு உப்புக் கரைசல், ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர், நாள் முழுக்க மடக்கு மடக்காக. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை இப்படிப்பட்டவர்களுக்கென்றே வகுத்த கரைசல் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ் பவுடர், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள். ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மருந்துக்கடையில் ஏழு நாளைக்குப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று குடித்தால் உவர்ப்பு தெரியாது. 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இதைத் தயாரிக்க முடியாத நாளில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொட்டலம், அதில் சொன்ன அளவு தண்ணீரில். அட்டைப் பெட்டியில் ஸ்ட்ரா போட்டு விற்கும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் அல்ல. அது போக்கைக் கூட்டும்.

சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். குடலில் சோடியம் உள்ளே நுழைவது குளுக்கோஸின் தோளைப் பிடித்துக்கொண்டுதான். லிட்டருக்கு 20 கிராம், அதுவும் நாள் முழுக்கப் பிரித்துக் குடிப்பது; வீட்டு குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டால் போதும். அம்மாவிடம் சொல்லுங்கள்: பை இருக்கும்வரை சமையலில் உப்பு முழு அளவு. அப்பளம், ஊறுகாய்ச் சாறு, உப்புப் போட்ட மோர், ரசம் எல்லாம் சரி. பி.பி. மறுபடி ஏறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவருடைய பி.பி. குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உட்கார்ந்திருக்கும்போதும் எழுந்து நின்றபின்னும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். அரை மணி முன்போ பின்போ. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், உருளைக்கிழங்கு மசியல், பழுத்த வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாம் போக்கைக் கெட்டியாக்கும். (வாழைப்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் பொட்டாசியம் உண்டு, கிரியேட்டினின் இறங்கட்டும்.) முதல் ஆறு முதல் எட்டு வாரம் நார் அதிகமானவை கூடாது, காரணம் வேறு: வயிற்றுச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் குடல் இன்னும் வீங்கியிருக்கும், நார் அங்கே பந்தாகச் சிக்கும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, பலாச்சுளை, தேங்காய்ச் சில்லு, வேர்க்கடலை, மக்காச்சோளம், பனங்கிழங்கு, காளான் இவைதான் நம் சமையலில் அடைப்பை உண்டாக்குபவை. நாலு முதல் ஆறு மணி நேரம் பைக்குள் ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வலித்து வாந்தியும் வந்தால், அது அடைப்பு. வலியோடு பீச்சிப் பீச்சி வெறும் தண்ணீர் மட்டும் வந்தாலும் பாதி அடைப்பாக இருக்கலாம். அப்போது லோபெரமைட் கொடுக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி பை. பையைத் தோலோடு ஒட்டவைக்கும் தட்டைக் கழற்றியதும், குப்பையில் போடுவதற்கு முன் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பசை எந்த இடத்தில் கரைந்து வெள்ளையாக நொதநொதத்துப் போயிருக்கிறது? கடிகார முள்ளை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: 3 மணிப் பக்கமா, 6 மணிப் பக்கமா. மூன்று முறையும் ஒரே பக்கம் என்றால் அந்த இடத்தில் தோலில் பள்ளமோ மடிப்போ இருக்கிறது. அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் வயிறு உட்கார்ந்ததும் மடியும். அந்த மடிப்பை ஸ்டோமா ரிங் அல்லது பேஸ்ட் வைத்து நிரப்பித்தான் தட்டை ஒட்ட வேண்டும். பேஸ்ட் பசை அல்ல, பள்ளத்தை நிரப்பும் பொருள். அதிகமாக அப்பினால் ஒட்டாது. பல பேஸ்ட்டுகளில் ஆல்கஹால் இருக்கிறது, வெந்த தோலில் பட்டால் உயிர் போகும். இப்போதைக்கு ரிங்தான் சரி. கரைந்த தடம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு துளையின் அளவில்.

மருத்துவமனையில் கொடுத்த அச்சை வைத்தேதான் நீங்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்தபோது வீங்கியிருந்த ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும். அன்றைக்கு 40 மி.மீ. துளை, இன்றைக்கு ஸ்டோமா 32 மி.மீ. என்றால் சுற்றிலும் 4 மி.மீ. அகலத்துக்குத் தோல் திறந்து கிடக்கிறது. சிறுகுடல் கழிவில் செரிமான நொதிகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இறைச்சியைக் கரைப்பது போலவே தோலையும் கரைக்கும். துளைக்கும் ஸ்டோமாவுக்கும் நடுவே சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மி.மீ.தான் இருக்கலாம். அதாவது 32-க்கு 35. இவருடையது வளைய ஸ்டோமா (குடலை வளைவாக வெளியே இழுத்து வைத்தது), பெரும்பாலும் வட்டமாக இருக்காது, முட்டை வடிவம். ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து மார்க்கர் பேனாவால் வரைந்து, அதையே அச்சாக வெட்டுங்கள். வாரம் ஒருமுறை புதிதாக வரைய வேண்டும்.

மாற்றும் நேரம் விடியற்காலை, காபிக்கு முன்னால். அப்போதுதான் போக்கு குறைவு. பழைய தட்டை ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட், வாசனை சோப்பு, டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட தோலில் தட்டு எப்படி ஒட்டும்? தினமும் ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் அந்த எண்ணெய்தான். ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நிமிடம் நன்றாக உலரவிடுங்கள். வெந்து ஈரம் கசியும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஈரத்தில் ஒட்டியது போக மீதியைத் தட்டிவிடுங்கள். அதன்மேல் ஆல்கஹால் இல்லாத பேரியர் ஃபிலிமால் (தோலின்மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படியும் திரவம்) ஒற்றி, அரை நிமிடம் காயவிட்டு, இன்னொரு சுற்று பவுடர், இன்னொரு சுற்று ஃபிலிம். மெல்லிய பொருக்கு போல ஆகும். ஃபிலிம் கிடைக்காவிட்டால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் லேசாக ஒற்றலாம். பிறகு தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் சூடாக்கி, கீழ்விளிம்பிலிருந்து மேலே ஒட்டி, ஸ்டோமாவை ஒட்டிய உள்விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். அதன்மேல் அப்பா கையை ஐந்து நிமிடமாவது வைத்திருக்கட்டும். வேட்டி முடிச்சோ அரைஞாண் கயிறோ தட்டின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக ஒட்டிய தட்டு மூன்று, நான்கு நாள் நிற்கும். நம் ஊர் வியர்வைக்கு மூன்று நாள் நின்றாலே நல்லது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்யுங்கள், கனம் தட்டை இழுக்கும். அரிப்பு இருந்தால், ஒழுகுகிறது என்று தெரிந்தால், மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், உடனே மாற்றுங்கள். பிளாஸ்டருக்குக் கீழே ஓரிரு மணி நேரம் கழிவு தங்கினாலே புண் ஆழமாகும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறி அரித்தால் அது பூஞ்சை; சர்க்கரை உள்ளவர்களுக்குச் சகஜம். குளோட்ரிமசோல் பவுடராக வாங்குங்கள், களிம்பாக அல்ல. இரண்டு வாரத்திலும் தீராவிட்டால், அல்லது ஸ்டோமா தோல் மட்டத்துக்கு இறங்கிவிட்டிருந்தால், குவிந்த தட்டும் பெல்ட்டும் தேவைப்படும். அதை ஸ்டோமா நர்ஸ் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறுகுடல் ஸ்டோமாவை ஏன் தோலுக்கு மேல் 2 செ.மீ.க்குக் குறையாமல் தூக்கலாக வைக்கிறோம் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1952 வரை குடலை அப்படியே வெளியே இழுத்துத் தைத்துவிடுவார்கள். கழிவு பட்டுக் குடலின் வெளிப்புறம் வெந்து, வாய் சுருங்கி, பல லிட்டர் போக்கோடு நோயாளிகள் படாத பாடு பட்டார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரையன் புரூக் என்ற அறுவை மருத்துவர், குடலின் நுனியைச் சட்டைக் கையை மடிப்பது போல வெளிப்பக்கமாக மடித்துத் தோலோடு தைத்தார். இன்றுவரை அதே முறைதான். அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் வெந்த தோலுக்குக் கரயா பிசினைப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்தப் பிசின் நம் நாட்டுக் காட்டு மரத்திலிருந்து போவது.

சளிக்குப் பயப்பட வேண்டாம். பெருங்குடலுக்குள் மலம் வராவிட்டாலும் அதன் உள்தோல் சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது இயற்கையான வழியில் வெளியேறுகிறது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோழை போல வந்தால் சாதாரணம். கழிப்பறையில் உட்கார்ந்து, முக்காமல், தானாக வரவிடட்டும். சீழ் நாற்றத்தோடு வந்தாலும், புது ரத்தம் வந்தாலும், காய்ச்சலோடு இடுப்புக்குள் வலித்தாலும் உடனே காட்ட வேண்டும். ஸ்டோமாவின் நிறத்தையும் பாருங்கள்: வாயின் உட்புறம் போல ஈரச் சிவப்பாக இருக்க வேண்டும், துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பரவாயில்லை. கருநீலமாக மாறினால் அன்றைக்கே மருத்துவமனை.

எப்போது எடுப்பார்கள்? முதலில், எதற்காக வைத்தார்கள் என்பது தெரிந்தால் இந்தச் சிரமத்துக்கு ஒரு கணக்கு கிடைக்கும். ஸ்வீடனில் 234 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஆசனவாய்க்கு அருகில் குடலை இணைத்தவர்களில் ஸ்டோமா வைத்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கும் இணைப்பு விட்டுப்போனது. இணைப்பு விட்டுப்போனால் மலம் இடுப்புக்குழிக்குள் பரவி, மறுபடி அவசர ஆபரேஷன். கதிர்வீச்சு பட்ட குடலில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். பை அதற்கான விலை.

எல்லாம் சரியாக இருந்தால் 8 முதல் 12 வாரத்தில் மூடலாம். அதற்கு முன் விரலாலும் கேமராவாலும் இணைப்பைப் பார்ப்பார்கள், ஆசனவாய் வழியே சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பயாப்சி முடிவைப் பார்த்து மறுபடி கீமோ தேவை என்றால் மூடுவது அதற்குப் பிறகு தள்ளிப்போகும். அப்படியானால் ஒரு முக்கியமான விஷயம்: கேப்சிடபின் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து, வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கிரியேட்டினின் சரியாகி, போக்கும் ஒன்றரை லிட்டருக்குள் வந்தபிறகுதான் தொடங்க வேண்டும். புற்றுநோய் மருத்துவருக்கு இந்த 1.7 தெரிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைப் பிரிவுக்கும் கீமோ பிரிவுக்கும் நடுவே இப்படிப்பட்ட தகவல் விழுந்துபோவது உண்டு. போக்கு அடங்கவே இல்லை, சிறுநீரகம் திரும்பத் திரும்பப் பாதிக்கிறது என்றால், ஸ்டோமாவைச் சீக்கிரம் மூடுவதும் ஒரு வழி. அறுவை மருத்துவரிடம் நீங்களே எடுத்துக் கேட்கலாம்.

மூடும் ஆபரேஷன் பெரும்பாலும் ஸ்டோமா இருந்த துளை வழியாகவே முடிந்துவிடும். சின்ன ஆபரேஷன் என்று சொல்வார்கள். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 48 ஆய்வுகளில் 6,107 பேரைத் தொகுத்துப் பார்த்ததில் 17.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. அதிகம் வந்தது குடல் அடைப்பு, 7.2 சதவீதம், பிறகு புண்ணில் சீழ், 5 சதவீதம். இறப்பு 0.4 சதவீதம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தற்காலிகம் என்று வைத்த ஸ்டோமா எல்லோருக்கும் மூடப்படுவதில்லை. மேலே சொன்ன ஸ்வீடன் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நிரந்தர ஸ்டோமா ஆயிற்று: இணைப்பு விட்டுப்போனது, நோய் திரும்பியது, மலத்தை அடக்க முடியாமல் போனது போன்ற காரணங்களால்.

மூடியபின் பழையபடி ஆவாரா? முழுக்கப் பழையபடி என்று எதிர்பார்க்க வேண்டாம். மலத்தைச் சேர்த்துவைக்கும் தொட்டியான மலக்குடலைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை போக நேரலாம். போய்விட்டு வந்த அரை மணிக்குள் மறுபடி போக வேண்டும். வந்தால் அடக்க முடியாது. காற்றா மலமா என்று பிரித்தறிய முடியாது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, இணைப்பு தாழ்வாக இருப்பவர்களுக்கு இது கூடுதல். டென்மார்க் மருத்துவர்கள் 2012-இல் ஐந்து கேள்விகளில் இதை அளக்கும் 'லார்ஸ்' மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். 42-க்கு 30-ம் அதற்கு மேலும் என்றால் கடுமை. ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு வரை படிப்படியாகக் குறையும். அதற்குப் பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் தங்கிவிடும். இசப்கோல், லோபெரமைட், ஆசனவாய் வழியே தண்ணீர் செலுத்திக் கழுவும் முறை எல்லாம் உதவும். மூடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, ஐந்து வரை எண்ணி, தளர்த்துவது. பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. உள்ளே இணைப்பு ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் தொடங்கலாம். மூடிய முதல் வாரத்திலேயே ஆசனவாயைச் சுற்றித் துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவ ஆரம்பியுங்கள், புண்ணான பிறகு அல்ல.

காது குத்துக்கு அழைத்துப் போகலாமா என்றால், கிரியேட்டினின் பழைய அளவுக்கு வந்து, இரண்டு வாரம் போக்கு அடங்கியிருந்தால் தாராளமாக. பை இருப்பதால் கோயிலுக்கு வரக் கூடாது என்று உறவில் யாராவது சொன்னால் அது அப்பா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய பை நாறாது. கிளம்புமுன் காலி செய்துவிட்டு, வழியில் இரண்டு மணிக்கொருமுறை நிறுத்துங்கள். ஏற்கெனவே அளவு வெட்டிய இரண்டு தட்டு, இரண்டு பை, துணி, ஒரு பாட்டில் தண்ணீர், குப்பைக்கு ஒரு கறுப்புக் கவர், மாற்று வேட்டி, உப்புக் கரைசல் ஒரு லிட்டர். சீட் பெல்ட் ஸ்டோமாவின் மேல் அழுத்தினால் நடுவில் ஒரு சின்னத் துண்டை மடித்து வைக்கலாம். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பந்தியில் போடும் வாழைத்தண்டுக் கூட்டும் சோளச் சுண்டலும் அவருக்கு வேண்டாம், சாதமும் ரசமும் மோரும் அப்பளமும் போதும். தட்டுகளை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் பசை இளகிவிட்டால் அவை ஒட்டாது.